ஊவாத் தேயிலையும் அதன் பெயர்ச்சீட்டும்



'ஊவா' என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் திராட்சை என்பது பொருள். நம்முடைய ஊவா மாகாணத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் யாதொரு உறவும் இல்லை. ஒலி ஒன்றாய் அமைந்தது தற்செயலே. ஆயினும் பதுளை மலைகளில் விளையும் தேயிலையின் பெயர்ச்சீட்டைப் பற்றிப் பேச வந்த எனக்கு, திராட்சை மதுவின் பெயர்ச்சீட்டிலிருந்து தொடங்குவதற்கு இது ஒரு நல்ல சாக்காகிறது. ஓர் ஊரின் பெயரைச் சரக்கின்மேல் எழுதும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினாவை மிகக் கடுமையாக எழுப்பியவர்கள் திராட்சை மது செய்வோர்தாம்.

பிரான்சு நாட்டிலே ஷாம்பேன் என்று ஒரு பகுதி. அங்கே செய்யப்படும் நுரைக்கும் மதுவுக்கும் அதே பெயர். 1911ஆம் ஆண்டு அப்பகுதிக் குடியானவர்கள் கலகத்தில் இறங்கினார்கள். வெளிப் பகுதிகளிலிருந்து மலிவான திராட்சையைக் கொண்டுவந்து, அதிலே மது வடித்து, புட்டியின்மேல் ஷாம்பேன் என்று பொறித்து விற்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வணிகர்களின் நிலவறைகள் உடைக்கப்பட்டன. மது தெருவிலே ஓடியது. இராணுவம் வரவேண்டியிருந்தது. ஒரு காகிதச் சீட்டுக்காக இத்தனை ஆவேசமா என்று நாம் வியக்கலாம். ஆனால் அந்தக் குடியானவனுக்கு நிலத்தை விட்டால் சொத்து அந்தப் பெயர் ஒன்றே. அதைப் பிறர் எடுத்துக்கொண்டால் அவன் திராட்சைக்கு விலை ஏது? 1919ஆம் ஆண்டிலும் 1935ஆம் ஆண்டிலும் பிரான்சு இயற்றிய சட்டங்கள், இன்ன எல்லைக்குள், இன்ன முறையில் விளைந்ததற்கே இன்ன பெயர் என்று வரையறுத்தன.

அமெரிக்கா இன்னொரு வழியை மேற்கொண்டது. 1935ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, மதுவைப் புட்டியில் அடைப்பதற்கு முன்பே அதன் பெயர்ச்சீட்டை அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பி ஒப்புதல் பெறவேண்டும். வரையறுக்கப்பட்ட ஒரு விளைநிலப் பகுதியின் பெயரைப் போட்டால், திராட்சையில் 85 சதவீதமாவது அப்பகுதியில் விளைந்திருத்தல் வேண்டும். அப்பகுதியின் பெயரோடு அறுவடை ஆண்டையும் பொறித்தால், 95 சதவீதம் அவ்வாண்டினதாக இருத்தல் வேண்டும். அந்த எண்களைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுத் தேயிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும்.

முதலிலே, ஊவா என்ற பெயருக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதைப் பார்க்கவேண்டும். இலங்கையின் நடுவிலே மலைத்தொடர் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து அள்ளி வந்த நீரையெல்லாம் மலையின் மேற்குச் சரிவுகளிலே கொட்டிவிடுகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சாரல் விடாது பெய்துகொண்டிருக்கும்போது, அதே காற்று மலைமுகட்டைத் தாண்டி, ஈரம் இழந்து, வறண்டு, பண்டாரவளைக்கும் பதுளைக்கும் பசறைக்கும் இறங்குகிறது. கீழைக்கரை மக்கள் கச்சான் என்று அழைக்கும் காற்று இதுதான். தோட்டத் துரைமாரும் தங்கள் ஆங்கிலத்தில் அச்சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

கச்சான் வீசும் நாட்களில் தேயிலைச் செடி தாகத்தால் வருந்துகிறது. கொழுந்து மெல்ல வளர்கிறது, நிறையும் குறைகிறது. கூடை நிரம்ப நேரமாகும். ஆனால் இந்த வருத்தத்திலேதான் இலைக்குள் ஒரு வாசனை திரள்கிறது. அதன் முக்கியக் கூறுகளில் ஒன்று மீதைல் சலிசிலேட் என்னும் பொருள். தசைநோவுக்குத் தேய்க்கும் தைலங்களில் நம் மூக்குக்கு எட்டுவது இதே பொருளின் மணமே. தேநீரில் அது மிக நுண்ணிய அளவில் நின்று, நாவிலே குளிர்ச்சியும் கூர்மையும் கலந்த ஒரு தன்மையைத் தருகிறது. ஜப்பானியர்கள் உலகத்தின் மூன்று பெருந்தேயிலைகள் என்று எண்ணும்போது, டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகிய இரண்டோடு ஊவாவையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான இப்பருவத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்திலே தனி மதிப்பு உண்டு.

காற்றையும் மலையையும் வேறெங்கும் கொண்டுபோக முடியாது. ஆனால் பெயரைக் கொண்டுபோகலாம். சங்கடம் அங்கேதான் பிறக்கிறது.

பழைய காலத்திலே தேயிலையின் பெயர்ச்சீட்டு என்பது பலகைப் பெட்டியின் பக்கவாட்டில் அச்சுத்தகடு வைத்துக் கறுப்பு மையால் எழுதப்பட்ட சில சொற்களே. தோட்டத்தின் பெயர், தேயிலையின் வகை, சரக்கு எண், நிறை ஆகியவை. உள்ளே ஈயத்தாள், அதனுள்ளே தேயிலை. 1924ஆம் ஆண்டு புகைவண்டிப்பாதை பதுளையை எட்டியபின் அப்பெட்டிகள் வண்டியேறிக் கொழும்புக்குப் போயின. கொழும்பில் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஏலத்தில் வாங்குபவர் தோட்டத்துப் பெயரைக் கண்டே விலை கூறினார். இன்றைக்குப் பலகைப் பெட்டியின் இடத்தில் காகித மூட்டை வந்திருக்கிறது. ஏலமும் 2020ஆம் ஆண்டு முதல் மின்னியல் முறைக்கு மாறியிருக்கிறது. ஆயினும் தோட்டக்குறி, வகை, சரக்கு எண் என்ற அந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஒரு மூட்டையில் குறை கண்டால், எந்தத் தொழிற்சாலையில் செய்த சரக்கு அது என்பதை அவற்றைக்கொண்டு பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் ஏலம் முடிந்தவுடன் தோட்டத்தின் பெயர் மறைந்துவிடுவதும் உண்டு. வாங்கிய வணிகர் பத்துத் தோட்டங்களின் தேயிலையைக் கலந்து தம் பெயரில் விற்கிறார். இதை உலகளாவிய கலையாக்கியவர் தோமஸ் லிப்டன். 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த அவர், அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு என்ற பொருளில் விளம்பரம் செய்து, அளந்து கட்டிய பொட்டலங்களாகத் தேயிலையை விற்றார். பொட்டலத்திலே பெரிதாக நின்ற பெயர் லிப்டன் என்பதே. அப்புத்தளை அந்தப் பெயரின் நிழலிலே நின்றது. அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுகட்டுக்குக்கூட இன்று அவர் பெயர்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை; சாதாரணக் குடும்பங்களுக்கு மலிவான தேயிலையைக் கொண்டுசேர்த்தவர்களில் அவர் முதன்மையானவர். ஆனால் மூட்டையாக ஏற்றுமதியாகி, அயல்நாட்டுக் களஞ்சியத்தில் வேறு நாட்டுத் தேயிலைகளோடு கலந்து விற்கப்படும்போது, பெயரால் வரும் இலாபம் பெயரைப் போட்டவரிடமே தங்கிவிடுகிறது. விளைந்த மலைக்கு வருவது மூட்டையின் விலை மட்டுமே.

இந்த நிலையை மாற்றுவதற்காக எழுந்ததே சிங்க இலச்சினை. 1975ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைச் சபை 1976ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. வாளேந்திய சிங்கமும், அதன்கீழே தரத்தின் சின்னம் என்று பொருள்படும் ஆங்கில வாசகமும் கொண்ட இலச்சினை அச்சபையின் உடைமை. பல நாடுகளிலும் அது வணிகக்குறியாகப் பதிவாகியிருக்கிறது. அதைப் பயன்படுத்த விரும்பும் ஏற்றுமதியாளர் சபையின் ஒப்புதலைப் பெறவேண்டும். நுகர்வோர் கைக்குப் போகும் பொட்டலத்தில் மட்டுமே அதைப் பொறிக்கலாம். உள்ளே இருப்பது நூற்றுக்கு நூறு இலங்கைத் தேயிலையாக இருத்தல் வேண்டும். பொட்டலம் இலங்கையிலேயே கட்டப்பட்டிருத்தல் வேண்டும். சபை விதித்த தரத்துக்கும் அது இணங்கவேண்டும்.

அமெரிக்க மதுவுக்குச் சொன்ன 85, 95 என்ற எண்களை இங்கே நினைத்துப் பாருங்கள். சிங்கம் ஒரு சதவீதத்தைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை. வேறு நாட்டுத் தேயிலையை அனுமதி பெற்று இறக்குமதி செய்து, நம் தேயிலையோடு கலந்து, மீண்டும் ஏற்றுமதி செய்பவர்கள் உண்டு. அந்தப் பொட்டலத்தில் சிங்கம் இருக்கக்கூடாது. இன்னும் ஒரு நுட்பம்: அயல்நாட்டு வணிகர் ஒருவர் கலப்பே இல்லாத இலங்கைத் தேயிலையை மூட்டையாக வாங்கி, தம் நாட்டில் பொட்டலம் கட்டினாலும் சிங்கத்தை அவர் பயன்படுத்த முடியாது. தேயிலை தூயதாயிற்றே, ஏன் இந்தத் தடை என்று சிலர் கேட்கிறார்கள். கடல்கடந்த களஞ்சியத்தில் என்ன கலக்கப்படுகிறது என்பதைக் கொழும்பிலிருந்து யார் காண்பது என்பது ஒரு விடை. பொட்டலம் கட்டும் வேலையும் அதன் கூலியும் இந்நாட்டிலேயே தங்கவேண்டும் என்பது மற்றொரு விடை. என் கருத்தில், இரண்டாவதுதான் பெரிய காரணம். 1980களில் மெரில் பெர்னாண்டோ தொடங்கிய டில்மா, விளைந்த நாட்டிலேயே பொட்டலம் கட்டி, தன் சொந்தப் பெயரில் உலகச் சந்தைக்குப் போக முடியும் என்று காட்டியது. அதற்கு முன் அது ஆகாத காரியம் என்று எண்ணியவர்கள் பலர்.

இவ்வளவும் நாட்டின் பெயரைப் பற்றியது. இனி மாகாணத்தின் பெயருக்கு வருவோம். தேயிலைச் சபை இலங்கையை ஏழு தேயிலைப் பகுதிகளாகக் கொள்கிறது. நுவரெலியா, திம்புலை, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, றுகுணை, சப்பிரகமுவை என்பன அவை; ஒவ்வொன்றுக்கும் தனி இலச்சினையும் உண்டு. ஊவாப் பகுதியின் இலச்சினையைப் போட்டால் உள்ளே ஊவாத் தேயிலையே இருக்கவேண்டும். இது சொல்வதற்கு எளிது. ஆனால் தொழிற்சாலைக்கு வரும் கொழுந்து முழுவதும் அத்தோட்டத்து மலையிலேயே பறித்ததாக இருப்பதில்லை. சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கிச் செய்யும் தொழிற்சாலைகள் பல. பச்சைக் கொழுந்துக்கு முகவரி கிடையாது. இன்னொரு பகுதியின் கொழுந்து இரவோடிரவாக லொறியேறி வந்து வாட்டும் தட்டிலே பரப்பப்பட்டால், மறுநாள் காலையில் அது எந்த மலையினது என்று எவரால் சொல்ல இயலும்? ஆகவேதான் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைக்கப்படும் புத்தகம் முக்கியமாகிறது. யாரிடமிருந்து எத்தனை கிலோ வந்தது, அதிலிருந்து எத்தனை கிலோ தேயிலை இறங்கியது என்பது அதிலே இருக்கிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பது கணக்கு. இக்கணக்கு மிகவும் பிசகினால் பரிசோதகருக்கு ஐயம் எழும். பொட்டலத்துப் பெயர்ச்சீட்டின் உண்மை, மலையடிவாரத்துத் தராசின் உண்மைக்குமேல் ஒரு மாற்றுக்கூட உயராது.

பெயர் எல்லோருக்கும் பொதுவானது என்பதால் கேடும் பொதுவாகவே வருகிறது. 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இலங்கையிலிருந்து சென்ற ஒரு தேயிலைச் சரக்கிலே கப்ரா என்னும் தானிய வண்டு காணப்பட்டதாகச் சொல்லி, ரஷ்யா இலங்கைத் தேயிலை முழுவதற்கும் தற்காலிகத் தடை விதித்தது. தடை விரைவில் நீங்கிவிட்டது. எனினும் வண்டையே கண்டறியாத தோட்டங்களும் அந்நாட்களில் கலங்கி நின்றன.

உலகச் சட்டத்திலே ஓர் ஏற்றத்தாழ்வு இருப்பதையும் சொல்லவேண்டும். 1994ஆம் ஆண்டு கையெழுத்தாகி 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கையில் 22ஆம், 23ஆம் உறுப்புரைகள் இடப்பெயர்களைப் பாதுகாக்கின்றன. எல்லாச் சரக்குகளுக்கும் பொதுவானது 22ஆம் உறுப்புரை. அதன்படி, பெயரைத் தவறாகப் பயன்படுத்தியதால் மக்கள் ஏமாறுகிறார்கள் என்பதையோ, அது முறையற்ற போட்டி என்பதையோ நாம் காட்டவேண்டும். 23ஆம் உறுப்புரை திராட்சை மதுவுக்கும் வடிசாராயத்துக்கும் மட்டுமே உரியது. அங்கே மக்கள் ஏமாறினார்களா என்ற கேள்வியே இல்லை. அந்த இடத்தில் விளையாத மதுவுக்கு அப்பெயரைப் போடக்கூடாது. இன்ன ஊர் வகை, இன்ன ஊர்ப் பாணி என்று சேர்த்து எழுதுவதும் கூடாது. ஷாம்பேன் குடியானவனுக்குக் கிடைத்த வேலி பசறையிலே கொழுந்து பறிப்பவருக்குக் கிடைக்கவில்லை. இந்த மேலான பாதுகாப்பை மற்ற விளைபொருள்களுக்கும் நீட்டவேண்டும் என்று கேட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று, இந்தியாவும் ஒன்று. அந்தக் கோரிக்கை பல ஆண்டுகளாகப் பேச்சளவிலேயே நிற்கிறது.

கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கும் இது காரணமாகாது. டார்ஜிலிங் தேயிலை 2004ஆம் ஆண்டு இந்தியாவின் முதற் புவிசார் குறியீடாகப் பதிவாயிற்று. 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்திலும் பதிவு பெற்றது. இலங்கையின் கறுவா 2022ஆம் ஆண்டு அதே ஐரோப்பியப் பதிவைப் பெற்றது. அதே 2022இல், புவிசார் குறியீடுகளைப் பதிவு செய்வதற்கு வழிசெய்யும் வகையில் நம் நாட்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் திருத்தப்பட்டது. எல்லை வகுத்து, முறைகளை எழுதிவைத்து, கணக்குக் காட்டுகிறவர்களுக்குக் கதவு திறக்கிறது.

பெயர்ச்சீட்டிலே இடப்பெயர் மட்டுமன்று, செய்முறையின் பெயரும் வருகிறது. இயற்கைமுறைத் தேயிலை என்ற சொல் அவற்றுள் ஒன்று. இதிலும் ஊவாவுக்கு முன்னணி இடம் உண்டு. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள இதல்கஸ்ஹின்னைப் பகுதியில் 1980களின் பிற்பகுதியிலேயே செயற்கை உரமின்றித் தேயிலை வளர்க்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் அந்தச் சொல்லைப் பொட்டலத்தில் எழுத வேண்டுமாயின், தேயிலை போன்ற நீடித்த பயிருக்கு மூன்று ஆண்டு மாறுகாலம் கழியவேண்டும். தனிப்பட்ட சான்று நிறுவனம் வந்து சோதித்துச் சான்று வழங்கவேண்டும். 2021ஆம் ஆண்டு மே மாதம் செயற்கை உர இறக்குமதி நாடு முழுவதும் ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டபோது, நம் தேயிலையெல்லாம் இயற்கைமுறைத் தேயிலை ஆகிவிடும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அரசாணை அந்த மூன்று ஆண்டுகளையும் கடக்க வைக்காது; ஒரு தோட்டத்துக்கும் சான்று வழங்காது. விளைச்சல் குறைந்தது; பெயர் கிடைக்கவில்லை. நவம்பர் மாதத்திலேயே தடை விலக்கப்பட்டது.

நேயர்களே, பொட்டலத்தின் முகப்பிலே பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். முதுகிலே கூடை தாங்கிய ஒரு பெண் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். அந்தப் படத்துக்கும் பெயருக்கும் இடையே ஒரு நீண்ட வழக்கு இருந்தது. அவள் பறித்த இலைக்கு உலகச் சந்தையிலே இலங்கையின் பெயர் தடையின்றிக் கிடைத்தது. அவளுக்கு அந்தப் பெயர் மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே குடியுரிமை கிட்டியது. 1972இல் நாடு தன் ஆங்கிலப் பெயரை மாற்றிக்கொண்டபோதுகூட, சந்தை மதிப்புக் கருதித் தேயிலை மட்டும் சிலோன் என்ற பழைய பெயரை விடாது வைத்துக்கொண்டது. இலைக்குக் காட்டிய கரிசனையை நினைக்கும்போது மனம் சற்றே கசக்கிறது. ஒப்புதலுக்குப் போகும் விண்ணப்பத்திலே கலப்பின் அளவும் ஈரத்தின் அளவும் கேட்கப்படுகின்றன. பறித்தவரின் நாட்கூலியைப் பெயர்ச்சீட்டுச் சட்டம் கேட்பதில்லை. அது 2021இல் ஆயிரம் ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது வேறொரு சபையின் மேசையிலே. ஊவா என்ற பெயருக்குச் சந்தை தரும் கூடுதல் விலையில் ஒரு பங்கு கூடைக்குத் திரும்புமா என்பது எந்த இலச்சினையிலும் எழுதப்படாத விடயம்.

இறுதியாக, ஊவாத் தேயிலை வாங்க விரும்புவோருக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி. திராட்சை மதுப் புட்டியில் ஆண்டு பொறித்திருக்கும். அவ்வாண்டின் வெயிலும் மழையும் எத்தன்மையன என்று அறிந்தவர் அதைப் பார்த்தே வாங்குவர். தேயிலைப் பொட்டலத்திலே இருக்கும் திகதி பெரும்பாலும் பொட்டலம் கட்டிய திகதி. கொழுந்து பறித்த நாள் அன்று. மாசி மாதத்திலே பறித்த ஊவாத் தேயிலையும் சட்டப்படி ஊவாத் தேயிலைதான். ஆனால் அதிலே கச்சான் இராது. நல்ல வணிகர் சிலர் பருவத் தேயிலை என்றும், ஆண்டு இன்னதென்றும், தோட்டம் இன்னதென்றும் சேர்த்து எழுதுகிறார்கள். ஜப்பானுக்குப் போகும் பொட்டலங்களில் இவ்வழக்கத்தைக் காணலாம். நம் ஊர்க் கடையில் ஊவா என்று எழுதிய பொட்டலம் கிடைத்தால், சிங்கத்தைப் பார்த்துவிட்டு, தோட்டத்தின் பெயரும் பறித்த மாதமும் உண்டா என்று கடைக்காரரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.